நுரைத் தோங்கும் என் பத்து விரலும்

சுங்கைப்பட்டாணியில் எங்கள் கடை வரிசையில் மூன்று சலூன்கள் இருக்கின்றன. ஒன்றில் ஏர்கோன் நன்றாக வேலை செய்யும். இன்னொன்றில் காப்பி கொடுப்பார்கள். என் கடையில் இரண்டும் கிடையாது. ஆனாலும் எங்கள் பக்கத்து வார விடுமுறையான வெள்ளி, சனி வந்தால் என் கடையில்தான் உட்கார இடம் இருக்காது. அது ஏன் என்று மற்ற இரண்டு கடைக்காரிகளும் பத்து வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இப்போது நானே சொல்லிவிடுகிறேன், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? நுரை.

எங்கள் ஊர்ச் சலூன்களில் உட்கார்ந்த நிலையிலேயே தலை கழுவி விடுவோம். வந்தவரைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டு, உலர்ந்த முடியிலேயே ஷாம்புவை ஊற்றி, சின்ன போத்தலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பீய்ச்சி நுரை எழுப்ப வேண்டும். ஒரு சொட்டு கழுத்தில் வழியக்கூடாது, காதுக்குள் போகக்கூடாது. கால் மணி நேரம் விரல்களால் பிசைந்து பிசைந்து விட்ட பிறகுதான் தொட்டிக்குக் கூட்டிப்போய் அலசுவோம். ஷாம்பு தண்ணியாக இருந்தால் மானம் போய்விடும். நுரை கெட்டியாக, வெள்ளையாக, தலையில் நின்றால்தான் வித்தை. என் நுரை நிற்கும். எப்படி நிற்கும் என்கிறீர்களா? நான் அதைக் கோபுரம் மாதிரி கூராகக் கூட்டி, மேலே சுழித்து விடுவேன். பிறகு கண்ணாடியைப் பார்த்து நானே ரசித்துக்கொள்வேன்.

இரகசியம் பெஞ்சுக்கு அடியில் இருந்தது. ஐந்து லிட்டர் பிடிக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கேன், நாங்கள் தோங் என்போம். சவர்க்காரம், பினாயில் எல்லாம் சில்லறையாக ஊற்றிக் கொடுக்கும் சீனர் கடை ஒன்று இருக்கிறது. நான் கடை திறந்த புதிதில் அந்த முதலாளித் தவுக்கேயிடம், "நொர நிக்கிற மாதிரி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டேன். தேன் நிறத்தில் ஒரு திரவத்தை ஊற்றிக் கொடுத்தார். "இது கெலாப்பாலேருந்து எடுக்கிறதுலா, ஆச்சி. பேபி ஷாம்புல கூட இதான் போடுறாங்க," என்று மலாயில் சொல்லி, தோங்கின் மேல் டேப் ஒட்டி, 'பூயே கெலாப்பா' என்று எழுதிக் கொடுத்தார். தேங்காய் நுரை. எனக்கு அது போதும். தேங்காய் என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு ஏது? தலைக்கு அதுதான், சட்டினிக்கு அதுதான், சாமிக்கும் அதுதான்.

ஒவ்வொரு தலைக்கும் முதலில் உள்ளங்கையில் ஷாம்பு, அதன் மேல் தோங்கிலிருந்து ஒரு ஊற்று. இரண்டையும் கையிலேயே குழைத்து முடியில் ஏற்றுவேன். தவுக்கே தண்ணீரில் கலந்து போடச் சொன்னாரா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருப்பார். நான்தான் யார் சொன்னாலும் பாதியில் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிற ஆளாயிற்றே.

என்னுடைய வாடிக்கையாளர்களில் எனக்கு ரொம்பப் பெருமையானவர் ஒரு டீச்சர். ஓய்வு பெற்றவர். மெர்போக்கிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டாண் என்று வந்து நிற்பார். பாட்டில் அடி மாதிரி தடித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைப்பார். "ம்ம், ஆரம்பிம்மா," என்பார். அவர் தலையில்தான் என் கோபுரங்கள் எல்லாம் உயரமாக எழும்பும். "எப்படி டீச்சர்?" என்று கேட்பேன். "ம்ம்," என்பார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை வந்துவிடும். அவ்வளவு பெரிய படிப்பாளி நம் கைவண்ணத்தைப் பார்த்துச் சொக்கிப்போகிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் விரல்கள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. பிறகு தோல் காய்ந்து உரிந்தது. பிறகு சின்னச் சின்னக் கொப்புளம், வெடிப்பு. எலுமிச்சம்பழம் பிழிந்தால் உயிர் போகும். சாயம்தான் காரணம் என்று முடிவு பண்ணி, முடிக்குச் சாயம் போடுவதையே நிறுத்தினேன். குறையவில்லை. பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் என்று முடிவு பண்ணி, பாத்திரம் கழுவுவதை என் வீட்டுக்காரர் தலையில் கட்டினேன். அதிலும் குறையவில்லை, ஆனால் அந்த ஏற்பாட்டை மட்டும் நான் இன்றுவரை மாற்றவில்லை.

அவர் கையுறை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். ஒரு பெட்டி கையுறை கொண்டுவந்து கொடுத்தார். போட்டுக்கொண்டு டீச்சர் தலையில் கை வைத்தேன். இரண்டாவது நிமிஷத்திலேயே கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்னம்மா இது, ஆஸ்பத்திரில படுத்திருக்குற மாதிரி இருக்கு?"

கழற்றி எறிந்தேன். எனக்கும் பிடிக்கத்தான் இல்லை. மண்டையில் எங்கே இறுக்கம், எங்கே வலி என்று விரல்நுனி சொல்ல வேண்டும். உறைக்குள் இருந்தால் அது எதையுமே சொல்லாது.

இப்போது நான் செய்த பெரிய புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். கை புண்ணாகிவிட்டதே, மென்மையான சோப்பாகப் போட்டுக் கழுவுவோம் என்று யோசித்தேன். எது மென்மை? குழந்தைக்குப் போடுவது. குழந்தைக்கு எது? தேங்காய் நுரை. தினமும் கடை அடைக்கிற நேரத்தில் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, தோங்கிலிருந்து தாராளமாக ஊற்றி, இரண்டு கையையும் பத்து நிமிஷம் ஊறப்போட்டேன். இதமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் இன்னும் இரண்டு விரல் வெடித்திருக்கும். போச்சுடா, நோய் முற்றுகிறது என்று அன்று இன்னும் கொஞ்சம் கூட ஊற்றுவேன்.

ஒரு நாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் மெதுவாக ஆரம்பித்தார்.

"கடைய மூடிட்டு வந்துரேன். எங்க ஃபேக்டரில பேக்கிங்ல ஆள் எடுக்குறாங்க. உக்காந்த வேல."

"இன்னொரு தடவ சொல்லுங்க பாப்போம்."

"இல்ல, கை இப்படி இருக்கேன்னு…"

"இன்னொரு தடவ சொல்லிப் பாருங்க!"

பாவம், அன்பில்தான் சொன்னார். ஆனால் ஃபேக்டரி என்ற பேச்சே எனக்கு ஆகாது. எஸ்டேட்டில் பிறந்து, பள்ளி முடித்த கையோடு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் நுழைந்தவள் நான். பதினோரு வருஷம் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து, பாத்ரூம் போகக்கூட ஒருத்தர் முகத்தைப் பார்த்து நின்றவள். இந்தக் கடை மட்டும்தான் சாவி என் கையில் இருக்கிற இடம். கை போனால் கடை போய்விடும். எனக்கு அதுதான் பயம், வேறொன்றும் இல்லை. அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கிளினிக் டாக்டர் அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுத்தார். போன் செய்து கேட்டபோது, "நீங்க கடையில பொழங்குற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க," என்றார்கள். துணிக் கூடையில் பதினாலு போத்தலை அடுக்கிக்கொண்டு ரயில் ஏறினேன். எதிர் சீட்டில் இருந்த மலாய்ப் பெரியவர் கூடையை எட்டிப் பார்த்து, "ஜுவால் கா?" என்று கேட்டார். விற்கவில்லை பெரியவரே, வைத்தியத்துக்குப் போகிறேன் என்றேன். வழுக்கையைத் தடவிக்கொண்டு, நல்ல எண்ணெய் ஒன்று இருந்தால் சொல் என்றார்.

தோங்கை மட்டும் எடுத்துப் போகவில்லை. கனம் என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. தொழில் இரகசியத்தை ஊர் பேர் தெரியாதவர்களிடம் எப்படிக் காட்டுவது? அதோடு அது தேங்காய். தேங்காய் மேல் யாராவது கேஸ் போடுவார்களா?

ஞாயிற்றுக்கிழமை என் முதுகு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பொருள், எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் சிவக்கும். ஒட்டியவர் ஒரு தமிழ் மிஸி, அதாவது நர்ஸ். பண்டார் பாரு பக்கத்து ஊர்க்காரர், கலகலவென்று பேசுகிறவர்.

"அக்கா, செவ்வாக்கெழம கழட்டுவோம், வியாழக்கெழம கடைசியா பாப்போம். அதுவரைக்கும் முதுகுல தண்ணி படக்கூடாது. வேர்க்கவும் கூடாது."

"வேர்க்கக் கூடாதா? மிஸி, நீங்க இந்த ஊர்லதான இருக்கீங்க?"

"காத்தாடிக்கு அடியிலயே உக்காந்துக்குங்கக்கா."

இரண்டு நாள் காற்றாடிக்குக் கீழே குப்புறப் படுத்திருந்தேன். வீட்டுக்காரர் சோறு ஊட்டாத குறை. இரண்டாவது நாள் இடது தோளுக்குக் கீழே ஒரு கட்டம் மட்டும் குறுகுறுவென்று அரிக்க ஆரம்பித்தது. சாயம்தான், மாட்டிக்கிட்டியா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

வியாழக்கிழமை டாக்டர் என் முதுகைப் போனில் படம் பிடித்துக் காட்டினார். மலாய்க்காரப் பெண், சின்ன வயசு, பொறுமைசாலி. சாயத்தின் கட்டம் வெள்ளை வெளேரென்று இருந்தது. வேறொரு கட்டம் செக்கச்செவேலென்று, பொரிப் பொரியாகத் தடித்திருந்தது. அதன் பெயரைச் சொன்னார்: கோக்கமிடோபுரோபில் பீட்டெய்ன். ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத பெயர். என் பதினாலு போத்தலையும் திருப்பித் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தார். இரண்டில் மட்டும்தான் அது இருந்தது. டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். இது கொஞ்சம்தானே, அலசினால் போய்விடுமே, கை இவ்வளவு மோசமாவதற்கு இது போதாதே, வேறு ஏதாவது புழங்குகிறீர்களா என்று கேட்டார்.

"தாக் அடா," என்றேன். இல்லை.

மிஸி என்னையே பார்த்தார். "அக்கா, எங்க அக்காவும் சலூன்தான் வச்சிருக்கா. நொரைக்கு என்ன போடுறீங்க?"

அக்காக்காரி சலூன் வைத்திருக்கிறாளாம்! இவளிடம் சொன்னால் அடுத்த வாரமே பண்டார் பாரு முழுக்கக் கோபுரம் எழும்பிவிடுமே.

"அவ கடைக்கு ஒங்க ஆளுங்க போகணும்னா ஒரு மணி நேரம் கார் ஓட்டணும்க்கா. யாரும் போக மாட்டாங்க. சொல்லுங்க."

என் கையைப் பார்த்தேன். பத்து விரலிலும் வெடிப்பு. சீ, இதற்கு மேலுமா ஒளிப்பது என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. தோங், டேப், பூயே கெலாப்பா, உள்ளங்கையில் ஊற்றிக் குழைப்பது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேசினில் ஊறப்போட்ட கதைக்கு வந்தபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தினமும் பத்து நிமிஷமா?"

"ஆறட்டும்னுதான் டாக்டர்."

மிஸி திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. நானும் ஒரு கணம் பல்லைக் கடித்துப் பார்த்தேன், முடியவில்லை, சிரித்துவிட்டேன். டாக்டரும் சிரித்தார். என் கையை நானே அப்படி ஊறுகாய் போட்டிருக்கிறேன்.

பிறகு டாக்டர் விளக்கினார், மிஸி தமிழில் சொன்னார். தேங்காயெண்ணெயின் கொழுப்பை எடுத்து, ஃபேக்டரியில் வேறு இரசாயனங்களோடு சேர்த்துச் செய்கிற பொருள் அது. நுரையைக் கெட்டியாக்கும், ஷாம்புவைக் கூழ் மாதிரி நிற்க வைக்கும், மற்ற சவர்க்காரத்தின் காரத்தையும் தணிக்கும். அதனால்தான் குழந்தை ஷாம்புவிலும் முகம் கழுவுகிற சோப்பிலும் போடுகிறார்கள். அளவாகக் கலந்து, உடனே அலசிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாது. பல சமயம், அதைச் செய்யும்போது மிச்சமாகத் தங்கிவிடுகிற வேறு பொருள்தான் அதற்குக் காரணமாம். ஒரு தடவை உடம்பு பகைத்துக்கொண்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும். நானோ கலக்காமல், கொள்ளாமல், நாளெல்லாம் கையில் ஏந்தியிருக்கிறேன்.

"கொழந்தைக்கே போடுறாங்களே மிஸி!" என்று கடைசியாக ஒரு தரம் சண்டை போட்டுப் பார்த்தேன்.

"கொழந்தைக்கு யாரும் தோங்கோட ஊத்துறதில்லக்கா."

கிளம்புகிறபோதுதான் முக்கியமான கேள்வி ஞாபகம் வந்தது. "அப்ப சாப்புடுற தேங்கா?"

"மாக்கான்லா!" என்றார் டாக்டர். சாப்பிடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் வராந்தாவில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "கண்டுபிடிச்சுட்டாங்க, எல்லாம் தேங்காயாலதான்," என்று நான் ஆரம்பித்ததும் பேட்டரி செத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மனுஷர் வியர்க்க விறுவிறுக்க நிற்கிறார். ஃபிரிட்ஜில் இருந்த அரைமூடித் தேங்காய் இல்லை. தேங்காய்ப்பால் சந்தான் பாக்கெட் இல்லை. தேங்காயெண்ணெய் போத்தல் இல்லை. பக்கத்து வீட்டில் கொடுத்த தேங்காய் மிட்டாய் இல்லை. சாமி மேடையைப் பார்த்தேன். கலசத்தின் மேல், மாவிலைக்கு நடுவில், ஒரு ஆரஞ்சுப் பழம் உட்கார்ந்திருந்தது.

"என்னங்க இது?"

"ஒனக்கு ஆகாதாமே. சாமிட்ட சொல்லிட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தது! விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிவிட்டது. "குப்ப லோரி இப்பதான் போச்சு," என்றார்.

டாக்டர் கொடுத்த களிம்பைப் பூசி, தண்ணீரில் கை வைக்காமல், முடி வெட்டுவதும் புருவம் திருத்துவதுமாக ஏழு வாரம் ஓட்டினேன். தலை கழுவுவது இல்லை என்று கதவில் எழுதி ஒட்டினேன். தோங்கைத் தவுக்கேயிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பதறிப்போனார். சாமான் நல்ல சாமான்தான் தவுக்கே, என் கைக்குத்தான் ஆகவில்லை, மற்றவர்களுக்குக் கலக்கிப் போடச் சொல்லி அழுத்திச் சொல்லுங்கள் என்றேன். நான் நியாயமாகப் பேசியதைப் பார்த்து அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

விரல்கள் மெல்ல மெல்லத் தேறின. வெடிப்பின் மேல் புதிதாக மூடிய தோல் குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. சாயத்துக்குக் கையுறை கட்டாயம், தலை கழுவுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெறுங்கையில் ஆரம்பித்துப் பாருங்கள் என்றார் டாக்டர். அந்தப் பொருள் இல்லாத ஷாம்பு ஒன்றை மிஸி எழுதிக் கொடுத்தார். "இதுவும் தேங்காலேருந்தும் சக்கரைலேருந்தும் எடுக்கிறதுதான்க்கா, ஆனா வேற மாதிரி செய்றது," என்று கண்ணடித்தார். முழங்கையின் உள்பக்கம் தடவி நாலு நாள் பார்த்தேன். அரிக்கவில்லை. அதன் பிறகு என் தலையிலேயே போட்டுப் பார்த்தேன்.

நுரை வந்தது. நிற்கவில்லை. மோர் நுரை மாதிரி தளர்வாக வந்து, காதோரமாக வழிந்தது. கோபுரமா? ஒரு மேடுகூட எழும்பவில்லை. கை வந்துவிட்டது, வித்தை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே நுரையை அலசி விட்டேன். அந்த நுரைக்காகத்தானே இவர்கள் ஏர்கோன் கடையை விட்டுவிட்டு என்னிடம் வருகிறார்கள்!

கதவில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்த சனிக்கிழமை, பத்து மணிக்கு டாண் என்று டீச்சர் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தார்.

"ம்ம், ஆரம்பிம்மா."

கண்ணாடியை மறைக்கிற மாதிரி நான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றேன். ஷாம்புவை ஊற்றினேன். வெறும் விரல் மண்டையில் பட்டதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. இடது காதுக்கு மேலே அவருக்கு எப்போதும் ஒரு இறுக்கம் இருக்கும். இருந்தது, அதே இடத்தில். ஆனால் நுரை நெற்றியை நோக்கி இறங்கியது. துண்டால் ஒற்றினேன். மறுபடியும் இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், ஒன்னு சொல்லணும். இனிமே பழைய நொர வராது. கோபுரம் கட்ட முடியாது. என் கைக்கு அது ஆவாதாம். ஒங்களுக்குப் பிடிக்கலன்னா சொல்லிருங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"என்ன கோபுரம்?"

"அதான் டீச்சர், பத்து வருஷமா ஒங்க தலையில கட்டுவேனே. கண்ணாடில பாப்பீங்களே."

டீச்சர் கண்ணைத் திறந்து, கண்ணாடி இருந்த திசையில் இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"மூக்குக்கண்ணாடியக் கழட்டிட்டா எதிர்ல இருக்குற நானே எனக்குத் தெரியாதும்மா. பத்து வருஷமா என் தலைமேல கோபுரமா கட்டிக்கிட்டு இருந்த?" குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நுரை என் சட்டையெல்லாம் தெறித்தது. "நான் ஒன் வெரலுக்கு வர்றேன். அந்தக் கையுறைய மாட்டுன பாரு, அன்னைக்கு மட்டுந்தான் வேற கடைக்குப் போலாமான்னு யோசிச்சேன்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு கையும் அவர் தலையிலேயே இருந்தன.

"ஏம்மா நிப்பாட்டிட்ட? காதுக்கு மேல அழுத்து."

அழுத்தினேன். ஐந்து நிமிஷத்தில் குறட்டை வந்தது.